மூன்று விளக்கு வண்டிக்கு ஓர் எழுத்து

பனகல் பூங்காவைத் தாண்டிய பிறகுதான் கழுத்தில் இன்னும் கடையின் அடையாள அட்டை தொங்குவதைக் கவனித்தேன். திரும்பிப் போகவில்லை. கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பை என்றால் அந்தக் கடைப் பைதான். இரண்டு சட்டை, ஒரு போர்வை, சோப்பு, சார்ஜர். எந்த ஊரிலும் என் சொத்து ஒரு கைக்கு மேல் கனத்ததில்லை.

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் அது. தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடை வாசலில் ஆள் கூப்பிடுவது என் வேலை. "வாங்கக்கா வாங்க, வாங்கண்ணா வாங்க, உள்ள வாங்க, உள்ள எல்லா சைஸும் இருக்கு!" காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை இதே வாக்கியம். தூக்கத்திலும் சொல்வேன் என்று மாடியில் பக்கத்தில் படுக்கிறவர்கள் புகார் செய்வார்கள்.

தள்ளுபடிக் கூட்டத்தில் நின்று நின்று முழங்கால் வீங்கிவிட்டது. அன்று காலை ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி கூப்பிட்டேன். குரல் என்னவோ குறையவில்லை. தளத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி வந்துவிட்டார்.

"ஏலே துரை, வாசல்ல உக்காந்துகிட்டு கூப்பிட்டா எவம்ல உள்ள வருவான்? எந்திரி."

"கால் வலிக்கி அண்ணாச்சி."

"அப்ப வீட்ல போயி உக்காரு."

எனக்கு வீடு கடை மாடிதான் என்பது அவருக்கும் தெரியும். வேலையும் படுக்கையும் ஒரே வரியில் போயின. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவரும் பகல் முழுக்க நிற்கிறவர்தான்.

வேலை போனால் கடலைப் பார்க்கப் போவது என் வழக்கம். நந்தனம், ஆழ்வார்பேட்டை என்று நடந்தேன். வழியெல்லாம் சாலைக்கு நடுவே தகரத் தடுப்பு. அதற்குப் பின்னால் கிரேன்கள் தலையை மட்டும் காட்டின. பூமிக்கடியில் ரயில் வரப்போகிறது என்று ஊரே தகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த காலம்.

டீக்கடையில் பிடிபட்டேன்

மந்தைவெளிப் பக்கம் ஒரு தகரக் கதவுக்கு எதிரே டீக்கடை. டீயை ஊதிக்கொண்டிருந்தபோது முதுகில் ஓர் அறை விழுந்தது.

"டேய் தொரை! இன்னா மச்சி, இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

முருகேசன். சைதாப்பேட்டைக்காரன். முன்பு ஆதம்பாக்கத்தில் ஓர் அறையில் நாங்கள் ஆறேழு பேர் படுத்திருந்தோம். அப்போது அவன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். இப்போது தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மேலெல்லாம் சாம்பல் நிறக் களிமண்.

"என்னடா ஓட்டுற இப்போ?" என்று கேட்டேன்.

"ட்ரெயினு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தகரக் கதவைக் காட்டி, "உள்ள, கீழ. சொன்னா நம்ப மாட்ட" என்றான்.

உண்மைதான். சுரங்கம் தோண்டுகிற இடத்திலிருந்து மண்ணை வெளியே கொண்டுவரவும், சுவருக்கான கான்கிரீட் துண்டுகளை உள்ளே கொண்டுபோகவும் கீழே குட்டி ரயில்கள் ஓடின. தாற்காலிகத் தண்டவாளம், ஒரு குட்டி எஞ்சின், பின்னால் தொட்டி தொட்டியாகப் பெட்டிகள். பயணிகள் ரயில் வருவதற்குப் பல காலம் முன்பே மயிலாப்பூருக்கு அடியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கபாலி கோயிலுக்குப் பூ வாங்கிக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரியாது.

முருகேசன் அவசரத்தில் இருந்தான். அன்று ஒரு புது மாதிரி வண்டிக்கு முதல் ஓட்டம். முன்னால் விளக்கோடு நடந்து போக வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. வேறு ஆள் கிடைக்காவிட்டால் ஓட்டம் நாளைக்குத் தள்ளிப்போகும். நாளைக்குத் தள்ளினால் வேறொரு ஓட்டுநருக்குப் போய்விடும்.

"ஓட்டப்போற அக்கா அழுதுடும்டா. அழாது, அதான் பிரச்சன. ஒரு வாரம் மைக்ல எங்கள மொறச்சிக்கினே பேசும்" என்றான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். "தொரை, உன் தொண்ட நல்லா கீதா?"

எழுத்து வந்த கதை

அந்த அக்காவின் பெயர் ரோஸ்லின். சாந்தோம் பக்கத்துக் கோயில் தெருக் குடும்பம். அண்ணன், அக்கா, மாமா, சித்தி எல்லாரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். "எங்க வீட்ல எல்லாரும் டீச்சர். பிரம்ப எடுத்தவங்க நடுவுல நான் மட்டும் பிரேக்க புடிக்கணும்னு வந்தேன்" என்பார்.

ஆனால் பிரேக் கிடைக்கவில்லை. ஓட்டுநர் தேர்வில் தேறியும் அவரைச் சுரங்க வாயில் மைக் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். எந்த வண்டி எப்போது உள்ளே போகலாம், எது ஒதுங்க வேண்டும் என்று சொல்கிற வேலை. புது வண்டி வரும்போதெல்லாம் முதல் ஓட்டம் யாராவது ஓர் ஆணுக்குப் போகும். முதல் ஓட்டம் ஓட்டியவருக்கே அந்த வண்டி சொந்தம் மாதிரி ஆகிவிடும். இந்தத் தடவை கேட்டுக் கேட்டு வாங்கியிருந்தார். சரக்கோடு போய்ச் சக்கரம் இறங்காமல் திரும்பி வந்தால் இருக்கை அவருக்கு. வழியில் தண்டவாளத்தை விட்டு இறங்கினால் மறுபடி மைக்.

இன்னொன்றும் இருந்தது. எழுத்து.

அங்கே ஒவ்வொரு மாதிரி வண்டிக்கும் ஓர் எழுத்து. முதலில் வந்த மண் வண்டி மாதிரிக்கு அலுவலகமே ஏ என்று வைத்தது. கான்கிரீட் துண்டுகள் ஏற்றுகிற மாதிரிக்கு பி. மூன்றாவதற்கு சி என்று எழுதி இறக்கினார்கள். முதல் நாளே அது வளைவில் தடம் இறங்கியது. தூக்கி வைத்தார்கள், மறுபடி இறங்கியது. எழுத்து சரியில்லை என்று ஆட்கள் ஏற மறுத்துவிட்டார்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர்தான் துணிந்து ஓட்டி முழுச் சரக்கோடு கொண்டுவந்தார். வந்தவர் நேராகப் பெயின்ட் டப்பாவை எடுத்து, சி-யை அழித்து, தன் ஊரை நினைத்து கே என்று எழுதிவிட்டார். அதன் பிறகு அது இறங்கவேயில்லை.

அன்றிலிருந்து அங்கே வழக்கம்: முதல் முழுச் சரக்கைத் தடம் இறங்காமல் கொண்டுவருகிறவர் வைப்பதுதான் எழுத்து.

தகரக் கதவுக்குள் கூட்டிப்போய் முருகேசன் சொன்ன இதைக் கேட்டு நான் சிரித்தபோது, ஷிஃப்ட் பொறியாளர் பத்ரி சார் குறுக்கிட்டார். மயிலாப்பூர்க்காரர். அவர் வீட்டுக்குக் கீழேயே சுரங்கம் போகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

"சிரிக்காதேள். லண்டன்லயும் இப்டித்தான். பூமிக்கடில ஓடற வண்டிக்கெல்லாம் மொதல்ல வரிசையா எழுத்து வெச்சிண்டு வந்தா. அப்பறம் வரிசையாவது ஒண்ணாவது! ஒரு வண்டி அமர்ஷம்னு ஒரு ஊர் வரைக்கும் போறது, அதனால ஏ. ஒண்ணு வட்டமா சுத்தறது, சர்க்கிள், அதனால சி. க்யூன்னு ஒண்ணு இருந்துது பாருங்கோ, பெட்டிக்குப் பெட்டி மூஞ்சி வேற வேற. பழசையும் புதுசையும் சேத்துக் கோத்துட்டா. நம்மாத்துக் கல்யாண குரூப் போட்டோ மாதிரி!"

எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் ரயில் பெட்டி துடைத்த ஒரு நண்பன், அங்கே வண்டி மாதிரிகளுக்கெல்லாம் சி போட்டு ஓர் எண் என்று சொல்லியிருக்கிறான். ஒப்பந்தத்தின் எண்ணையே வண்டிக்குப் பெயராக வைத்துவிடுவார்களாம். "பிள்ளைக்கு ஆஸ்பத்திரி பில் நம்பரப் பேரா வெச்ச மாதிரி" என்பான். பத்ரி சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனோடு இப்படி உட்கார்ந்து ரயில் எழுத்து பேசுகிற பொறியாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குரல் சோதனை

முதலில் ஒரு தகரக் கொட்டகையில் பாதுகாப்பு வகுப்பு. எதைத் தொடக்கூடாது, எங்கே ஒதுங்க வேண்டும், விளக்கை எப்படி ஆட்டினால் என்ன அர்த்தம் என்று ஒரு படம் போட்டார்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது. வீங்கிய காலுக்கு இதமாக இருந்தது.

பத்ரி சார் என்னைப் பள்ளத்தின் ஒரு கரையில் நிறுத்திவிட்டு எதிர்க்கரைக்குப் போனார். நடுவில் கிரேன், காற்று ஊதும் விசிறி, ஜெனரேட்டர், எல்லாம் ஒரே இரைச்சல்.

"உள்ள வளைவுல வாக்கிடாக்கி எடுக்காது. தொண்டைதான் எடுக்கணும். கத்துங்கோ பாப்போம்!"

என்ன கத்துவது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். பழகியது வந்துவிட்டது.

"வாங்கக்கா வாங்க! வாங்கண்ணா வாங்க!"

கிரேன்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். தகரத்துக்கு வெளியே யாரோ ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு முருகேசன் சொன்னான். அது அவன் சேர்த்த மசாலாவாக இருக்கலாம்.

மைக் அறையிலிருந்து ரோஸ்லின் அக்கா இறங்கி வந்தார். குட்டையான, அகலமான உருவம். கழுத்தில் சின்னச் சிலுவை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தாப்பா, நீ முன்னாடி நடக்கற. நான் பின்னாடி வர்றேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. வரும்போது வளைவுல என்ன நிக்க வெச்சுடாத. எஞ்சின் முன்னாடி, சரக்கு பின்னாடி. வளைவுல பிரேக் போட்டா பின்னாடி கீற மண்ணு மொத்தமும் தள்ளும், நடுப் பெட்டி ஏறி இறங்கிடும். இவனுங்க எல்லாரும் அங்க பயந்து பயந்து பிரேக்க தொட்டுத்தான் வுழுந்தானுங்க."

"யக்கா, நீ வுழுந்தா கூப்டு, ஜாக்கி எடுத்துக்கினு வர்றோம்" என்றான் முருகேசன்.

"வுழலன்னா?"

"எல்லாருக்கும் பஜ்ஜி."

"வாழக்கா இல்ல, வெங்காய பஜ்ஜி. எண்ணெய போட்டு வைக்க சொல்லு."

மயிலாப்பூருக்கு அடியில்

போகும்போது சிரமமில்லை. எஞ்சின் பின்னாலிருந்து காலிப் பெட்டிகளைத் தள்ளியது. நான் விளக்கோடு முன்னால் நடந்தேன். சுரங்கம் வட்டமாக, வெள்ளைக் குழல்விளக்குகளோடு, உள்ளே போகப் போக வெந்நீர் அண்டாவுக்குள் நுழைகிற மாதிரி சூடாக இருந்தது. ஈரச் சிமென்ட் வாசனை. தலைக்கு மேலே காற்றுக் குழாய் பெரிய மலைப்பாம்பு மாதிரி மூச்சு விட்டது.

கடைசியில் தோண்டும் எந்திரம். அதிலிருந்து தொட்டிகளில் மண் விழுந்தது. சாம்பல் நிறக் களிமண், நடுநடுவே சிப்பித் துண்டுகள். கடலைப் பார்க்கப் புறப்பட்டவன் கடைசியில் கடலுக்குச் சொந்தமானதைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சிப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

திரும்பும்போது எஞ்சின் முன்னால் வந்தது. இந்தப் புது மாதிரி எஞ்சினுக்கு முகத்தில் மூன்று விளக்கு. கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. ஏ, பி, கே எல்லாவற்றுக்கும் இரண்டுதான். மூன்று வெளிச்சத்தில் என் நிழலும் மூன்றாகி முன்னால் நடந்தது.

வளைவு வந்தது. வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன்.

வளைவு முடிகிற இடத்தில், தண்டவாளத்தின் மேலேயே ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர்த் துண்டுகளின் இடுக்கில் சிமென்ட் பால் அடைக்கிற கூட்டம். ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். தரையெல்லாம் சேறு, தண்டவாளம் மட்டும்தான் காய்ந்த இடம். வண்டி வருகிறது என்று அக்கா புறப்படும் முன் மைக்கில் சொன்னது இங்கே எட்டியிருக்காது.

பின்னால் வண்டி ஏற்கனவே வளைவுக்குள் நுழைந்துவிட்டது. விளக்கை ஆட்டி நிறுத்தச் சொன்னால் அக்கா நிறுத்துவார். ஆள் உயிர் என்றால் யோசிக்க மாட்டார். நடுப் பெட்டி ஏறி இறங்கும். மறுபடி மைக். நடை வேகம்தான், இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது. கத்திப் பார்ப்போம், நகராவிட்டால் விளக்கை ஆட்டுவோம்.

"விலகு! வண்டி வருது!" என்று கத்தினேன். ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது.

விளக்கைத் தூக்கினேன். ஆட்டுவதற்கு முன் தொண்டை தானாகவே திறந்துகொண்டது.

"வாங்கண்ணா வாங்க! வாங்கக்கா வாங்க! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

இடது கையால் பக்கவாட்டு நடைமேடையைக் காட்டினேன். கடை வாசலில் படியைக் காட்டுகிற அதே வீச்சு.

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சட்டை வாங்க தி. நகருக்குப் போகிறவர்கள். தமிழில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் இது தெரியும்.

"அரே, டி நகர்!" என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு. டிபன் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, கடைக்குள் நுழைகிற கூட்டம் மாதிரியே நடைமேடையில் ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் என்னைப் பார்த்து, "டிஸ்கவுன்ட் கித்னா, பையா?" என்று தள்ளுபடியை விசாரித்தார்.

"எல்லாம் ஃப்ரீ! ஏறு, ஏறு!"

வண்டி நிற்கவில்லை. பிரேக்கின் கிறீச்சும் இல்லை. ஒரே சீரான உறுமலோடு மூன்று விளக்கும் வளைவைக் கடந்தன. பின்னால் தொட்டி தொட்டியாக மண், சொன்னபடி கேட்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்தது. ரோஸ்லின் அக்கா ஜன்னலில் தெரிந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜபமா, எங்களைத் திட்டினாரா, இன்றுவரை சொல்லவில்லை.

பெயின்ட் டப்பா

பள்ளத்தின் அடியில் வெளிச்சத்துக்கு வந்தபோது முருகேசன் விரலை மடித்து விசிலடித்தான். பத்ரி சார் கைதட்டினார். அக்கா இறங்கினார். முகம் வியர்வையில் குளித்திருந்தது. முதலில் குனிந்து நடுப் பெட்டியின் சக்கரத்தைத்தான் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

பெயின்ட் அடிப்பதற்காக ரோஸ்லினின் ஆர் வெட்டிய அட்டையை முருகேசன் முன்பே தயாராக வைத்திருந்தான். அவ்வளவு கிண்டல் செய்தவன் அதை எப்போது வெட்டினான் என்று யாருக்கும் தெரியாது.

"இந்தா யக்கா, உன் எழுத்து."

"என் பேரு வண்டி மேல எதுக்குடா? அதான் சீட்டு மேல நானே கீறேன்ல." அக்கா என் பக்கம் திரும்பினார். "முன்னாடி நின்னு பாத்தவன் இவன்தான். சொல்லுப்பா, தூரத்துலேந்து இது என்னா மாதிரி தெரிஞ்சிது?"

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எஞ்சின் முகத்தைப் பார்த்தேன். கீழே இரண்டு, மேலே ஒன்று.

"அக்கன்னா" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து ஃ. உயிரெழுத்திலும் சேராது, மெய்யெழுத்திலும் சேராது. தனியாகத் திரிகிற எழுத்து. எழுதவும் எளிது. எழுதுகோல் மூன்று முறை தரையிறங்கினால் போதும்.

அக்கா எஞ்சினுக்கு எதிரே போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அட, ஆமா. மூஞ்சிலயே எழுதிக்கினு வந்துருக்கு."

"கம்ப்யூட்டர்ல நான் இத எப்டி அடிப்பேன்?" என்றார் பத்ரி சார். அடுத்த நொடி அவரே, "மூணு புள்ளி வெச்சா போச்சு. லண்டன்ல இல்லாத எழுத்து!" என்று குதித்தார்.

அக்கா அட்டை எதுவும் இல்லாமல், விரலைப் பெயின்டில் தோய்த்து, எஞ்சினின் இரண்டு பக்கமும் வைத்தார். மூன்று மஞ்சள் பொட்டு. அதற்குள் சாப்பாட்டுக் கூட்டமும் மேலே வந்திருந்தது. டிஸ்கவுன்ட் கேட்டவர் அதைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் மூன்று விரலை வைத்துக் காட்டினார். தமிழில் அவர் கற்ற முதல் எழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

பஜ்ஜி வந்தது. வெங்காயம்தான். சூட்டில் நாக்கு வெந்தது. முருகேசன் தங்குகிற கொட்டகையிலேயே எனக்கும் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

மறுநாள்

காலையில் பத்ரி சார், "காய்ச்சல்காரர் வந்தாலும் அவருக்கு வேற வண்டி. நீங்க அக்கன்னாவுக்கு" என்றார். முன்னால் பார்த்துச் சொல்கிற ஆள். முதல் ஓட்டத்துக்குத்தான் நடக்க வேண்டும், இனி வண்டியிலேயே போகலாம்.

முதல் பெட்டியின் நுனியில் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றுதானே பழக்கம்.

பின்னால் எஞ்சின் ஜன்னலிலிருந்து ரோஸ்லின் அக்கா கத்தினார்.

"தொரை! இன்னாத்துக்கு நிக்கற? மேல குழா கீது, தல இடிக்கும். இங்க நின்னா வேலைய வுட்டு தூக்கிடுவாங்க. கீழ பாரு."

பார்த்தேன். பெட்டியின் நுனியில் ஓர் இரும்பு இருக்கை பற்றவைத்திருந்தது. மேலே மடித்த சாக்கு ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள்.

உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். சுரங்கத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"வாங்கக்கா வாங்க! வாங்கண்ணா வாங்க!"